மருந்தைத் தொடர்தல்: காஞ்சிபுரம் வட்டாரத்தில் நீடித்த நோய்ச் சிகிச்சை

மருத்துவர் சொல்லி நோயாளி ஒப்புக்கொண்ட மருந்து, உணவு, மறுபரிசோதனை ஆகியவற்றை விடாமல் கடைப்பிடிப்பதே மருந்தைத் தொடர்தல். ரத்த அழுத்தம், சர்க்கரை, காசநோய் போல மாதக்கணக்கிலோ ஆயுள் முழுதுமோ மருந்து கேட்கும் நோய்களில் உடல்நிலையின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான். வளர்ந்த நாடுகளிலேயே இத்தகைய நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் ஒழுங்காக மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதற்கான காரணங்களை நோயாளி, நோய், மருந்து, சுகாதார அமைப்பு, சமூக-பொருளாதார நிலை என ஐந்தாக அது வகுத்தது. பழி விழுவது வழக்கமாக நோயாளியின் மேல்தான். காஞ்சிபுரம் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் கடைசி இரண்டும்தான் கனம்.

திருப்புட்குழி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டிய ஊர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் இங்கு உள்ளன. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். மருந்து இலவசம். ஆனால் அதை வாங்கப் போகும் அரை நாள் இலவசமல்ல.

பட்டு நெசவில் இது கண்கூடு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களால் நெய்யப்படுவதால் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுகர் மாத்திரை வாங்க ஓ.பி. வரிசையில் நின்றால் மற்றவரும் சும்மா இருக்க வேண்டியதுதான். கூலியோ சேலைக் கணக்கு; தறி நின்ற பொழுதுக்குக் காசு கிடையாது. மழைக்காலத்தில் ஈரத்தால் பாவு வேலை தடைப்பட்டு வருமானம் குறையும் வாரங்களில், பேருந்துக் கட்டணம்கூட யோசிக்க வேண்டிய செலவாகிறது. வேலையின் தன்மையும் நோயோடு சேர்ந்துகொள்கிறது. குழித்தறியில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதால் உடலுழைப்பு குறைவு, முதுகுவலி, கண் அயர்வு. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர், வெறுங்காலால் மிதிபலகையை மிதிக்கையில் படும் சிராய்ப்பை அறியாமலே புண்ணாக்கிக்கொள்ளக்கூடும். தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போன அடுத்த தலைமுறைக்கு வேறு சிக்கல். ஷிப்டு வாரந்தோறும் மாறும்போது ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்ற மருந்துச் சீட்டில் எது காலை, எது இரவு?

நோயின் இயல்பும் ஏமாற்றுகிறது. ரத்த அழுத்தத்துக்கு வலி இல்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்தெடுத்துப் பழகியவருக்கு, ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்துவது முற்றிலும் நியாயமாகத் தெரியும். இங்கிலீஷ் மருந்து சூடு, ஆரம்பித்தால் விட முடியாது, ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கைகளும் பரவலானவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்துவார்கள். மருந்தை உண்மையிலேயே விழுங்கினாரா என்பதற்கு அந்த நிறமே சான்றாகவும் பயன்பட்டது.

கோயில் ஊர்களில் விரதத்தைத் தனியே கவனிக்க வேண்டும். ஏகாதசியன்று சாப்பிடாமல் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதற்கு அஞ்சி எல்லா மாத்திரையையும் விடுபவர்களும் உண்டு. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் விரதத்துக்கு ஏற்ப மருத்துவர் மாற்றித் தர முடியும், விரதம் இருப்பதை நோயாளி சொன்னால். திட்டு விழும் என்பதால் சொல்வதில்லை. திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயாரிடம் குழந்தை வரம் வேண்டி வறுத்த பயறை மடியில் கட்டிக்கொள்ளும் பெண், மருத்துவரிடமும் போய்க்கொண்டிருப்பது இங்கே இயல்பானது. அதை முரண்பாடாகப் பார்ப்பது மருத்துவமனையின் பார்வை மட்டுமே.

இத்துறையில் உலகுக்கே வழிகாட்டிய ஆய்வு ஒன்று சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் இயங்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, கண்காணிப்பு. வீட்டிலோ நெரிசல், அரைவயிறு, வேலை. 1959-ல் வெளியான முடிவுகளில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாகவே தேறியிருந்தனர். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. மருந்து வீட்டுக்குப் போனாலும் வாய்க்குள் போகும் என்பது நிச்சயமில்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தவற்றுள் ஒன்றான பாரா-அமினோசாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புரட்டும் மருந்து. விட்டவர்கள் இருந்ததில் வியப்பில்லை. எனவே வாரம் இருமுறை மட்டும், ஊழியர் கண்முன்னே கொடுக்கும் முறையை 1960-களில் இதே மையம் சோதித்து வெற்றி கண்டது. பிற்காலத்தில் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இது முன்னோடி. நோயாளியைத் திருத்துவதற்குப் பதில் மருந்து கொடுக்கும் முறையைத் திருத்தியது இதன் தனிச்சிறப்பு.

தொற்றா நோய்களுக்கு இந்த யோசனை வந்து சேர நெடுங்காலம் ஆனது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேட்டில் 2006-ல் தொடங்கிய கிராமப்புற நீரிழிவுத் திட்டம், நடமாடும் வண்டியையும் தொலைமருத்துவத்தையும் கொண்டு 42 கிராமங்களை எட்டியது. மருந்து கையிருப்பு அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லேயே உருவாகியிருந்தது. ‘அடுத்த வாரம் வாங்க’ என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி வருவது அரிது என்பதால் அதன் பங்கு சிறிதல்ல. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இத்திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருது கிடைத்தது. அதே ஆண்டு பணியிடங்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது.

மாநில அளவிலான 2020-ஆம் ஆண்டு ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2023-24 ஆய்வில் இவை சுமார் 17 விழுக்காட்டை எட்டின. பெரிய முன்னேற்றம்தான், என்றாலும் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. மாத்திரையை விடுவது மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது. நோய் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. மாத்திரை போட்டும் அளவு போதாதவர்களும் உண்டு. தன்னார்வலர் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளலாம். அளவைக் கூட்டி எழுத மருத்துவர்தான் வேண்டும். மாத்திரை வாசலுக்கே வந்துவிடுவதால் மருத்துவரைப் பார்க்கப் போவது குறைந்தால், ஒரு நாள்கூட விடாமல் போதாத மருந்தையே சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் நேரும்.