பசியும் பயிரும்: பஞ்சாப் புகட்டும் பாடம்

உலக மாந்தர் அனைவருக்கும் நலமான உணவை நிலம் அளிக்கவல்லதா, அளித்தும் தன் வளம் குன்றாதிருக்குமா என்னும் வினா இன்று எங்கும் எழுகின்றது. மக்கட்பெருக்கத்துக்கு உணவுப்பெருக்கம் ஈடுகொடாது என 1798ஆம் ஆண்டிலேயே மல்தூஸ் எழுதினார். வரலாறு அவருக்கு அளித்த விடையை இந்தியப் பஞ்சாபில் காணலாம்.

1965ஆம், 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நின்றது இந்தியா. மெக்சிக்கோவில் நோர்மன் போர்லோக் உருவாக்கிய குட்டைக் கோதுமை பஞ்சாப் வயல்களில் பரவியது. 1965இல் ஏறத்தாழ 1.2 கோடித் தொன்னாயிருந்த இந்தியக் கோதுமை விளைச்சல் 1970இல் 2 கோடித் தொன்னாயிற்று. இச்சாதனையைச் சிறுமைப்படுத்துவது எமது நோக்கமன்று.

ஆயினும் அரசு உறுதியான விலைக்குப் பெருமளவிற் கொள்முதல் செய்தவை கோதுமையும் நெல்லுமே. எனவே கொண்டைக்கடலையும் சோளமும் கம்பும் பஞ்சாப் வயல்களிற் பின்தள்ளப்பட்டன. 1961இல் இந்தியரொருவருக்கு நாளொன்றுக்கு 69 கிராம் பருப்பு வகைகள் கிடைத்தன. 2001இல் கிடைத்ததோ 30 கிராம். ஏழையின் புரதம் பருப்பிலேயே உள்ளது. வயிறு நிரம்பிற்று, உடல் வலுப்பெறவில்லை. பருப்பைப் பொறுத்தவரை மல்தூஸின் கூற்று மெய்யாயிற்று எனலாம். ஆனால் நிலத்தின் குறையாலன்று, மனிதர் வகுத்த கொள்கையால்.

நிலமும் இதற்கு விலை கொடுத்தது. பஞ்சாபியரின் மரபுணவல்லாத நெல்லுக்காகக் குழாய்க்கிணறுகள் ஓயாது நீரிறைத்தன. நிலத்தடி நீர் கீழிறங்கிற்று. யூன் 10ஆம் திகதிக்கு முன் நாற்று நடலாகாதெனச் சட்டமியற்றும் நிலை 2009இல் ஏற்பட்டது. உழவனைப் பேராசைக்காரன் எனப் பழிப்பது எளிது. விலை உறுதியற்ற பயிரை விதைத்துக் கடனில் மூழ்க எவன் துணிவான்?

2050இல் 1000 கோடி மக்களுக்கும் புவியின் எல்லைகளை மீறாது நல்லுணவு அளிக்கவியலும் என, 2019இல் ஈட்-லான்செட் ஆணைக்குழுவின் அறிஞர் கணித்தனர். பருப்பும் காய்கனிகளும் பெருகவேண்டும், வசதிபடைத்தோரின் இறைச்சி நுகர்வும் உணவு விரயமும் குறையவேண்டும் என்பன அவர்தம் நிபந்தனைகள். ஆனால் 2024இல் நல்லுணவை வாங்க வழியற்றிருந்தோர் ஏறத்தாழ 260 கோடிப் பேர் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது.

ஆகவே, நிலத்தால் இயலுமா என்று வினவுவதோடு நாம் நின்றுவிடலாகாது. எதை விளைவிப்பது, யாருக்காக விளைவிப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதையும் வினவவேண்டும். அது உழுவோரதும் உண்போரதும் கைக்கு வரும்வரை, களஞ்சியங்கள் நிறைந்த நாட்டிலும் குழந்தைகள் மெலிந்தே இருப்பர்.