தணிகை அடிவாரமும் தாது வருஷமும்

திருத்தணிகை மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பர் பெரியோர். ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்போதெல்லாம், படியோரத்தில் கையேந்தி அமர்ந்திருப்போர் மீது என் கண் செல்லும். சிறுவனாக இருந்தபோது, "இவர்கள் ஏன் ஏழைகளானார்கள்?" என்று பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "வானம் பொய்த்தது, விதி" என்றார். உடனிருந்த மற்றொருவர், "சோம்பல்" என்றார். இவ்விரு விடைகளும் பொருந்துமா என்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

சான்றாக நான் எடுத்துக்கொள்வது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். நாங்கள் சோற்றைச் சிந்தினால், "தாது வருஷத்தில் பிறந்திருந்தால் அருமை தெரிந்திருக்கும்" என்று என் பாட்டியார் அதட்டுவார். அவரும் அப்பஞ்சத்தைக் கண்டவர் அல்லர்; தம் பாட்டியார் சொல்லக் கேட்டவர்.

அக்காலத்தில் திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. பின்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. ஜமீன்தார் அரசாங்கத்துக்குப் பேஷ்கஷ் கட்டினார். உழுதவன் ஜமீனுக்கு வாரம் அளந்தான். அதன்பின் கடன்காரனுக்கும் அளந்தால், நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் அவன் குதிரில் மிஞ்சியது சொற்பமே.

1876-இல் பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால் நாட்டில் தானியமே இல்லாமற் போயிற்று என்பது உண்மையன்று. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் சென்னைக் கரையில் அரிசி வந்திறங்கியது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே செல்லும் இருப்புப்பாதை, பஞ்சத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே திருத்தணியைக் கடந்து போயிருந்தது. அரிசியின் விலையோ இருமடங்கும் மும்மடங்குமாக ஏறியது. விலையில் அரசாங்கம் தலையிடலாகாது என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை.

நெசவாளரை எண்ணிப் பாருங்கள். இந்த வட்டாரம் நெசவுக்குப் பேர்போனது. தறி மழையை நம்பி ஓடுவதன்று. ஆயினும் பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர்களுள் நெசவாளரும் உண்டு. உழவன் கையில் காசில்லாதபோது புடவை வாங்குவார் யார்? கூலியாளின் கதியும் அதுவே. வானம் பொய்த்தது எல்லோருக்கும். பட்டினி வந்தது சிலருக்கு. இந்த வேறுபாட்டுக்கு வானத்தைக் குறை சொல்ல இயலாது. 1880-இல் பஞ்சக் கமிஷனே, உணவுக் குறைவைவிட வேலைக் குறைவே மக்களை வீழ்த்தியது என்று கண்டது. 1981-இல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் வகை ஒருவனுக்கு இருப்பது வேறு என்று விரித்து எழுதினார்.

இனி, சோம்பல் என்னும் விடை. நிவாரண வேலைகளில் ஆணும் பெண்ணும் வெயிலில் மண் சுமந்தனர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இத்தகைய உழைப்பால் வெட்டப்பட்டதே. 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் உழைத்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும்தான். உழைப்பவன் உயிர் தரிக்க இது போதாது என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அரசாங்கம் இறங்கி வந்தது. அதற்குள் மாண்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மாவட்ட ஜனத்தொகை 1871-இல் சுமார் 20 லட்சம்; 1881-இல் சுமார் 18 லட்சம். எஞ்சியவர்களின் நிலையோ? முதலில் நகை போயிற்று. பிறகு பித்தளைப் பாத்திரம், உழவுமாடு, கடைசியில் நிலம். மழை திரும்பியபோது உழுவதற்கு மாடு இல்லை. சிலர் கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் கூலிகளாகச் சென்றனர். ஊரில் நின்றவர்கள் கடன்பட்டனர். தந்தை பட்ட கடனுக்கு மகன் பண்ணையாளானான். பஞ்சம் இரண்டாண்டில் தீர்ந்தது. அது விட்டுச்சென்ற வறுமை தலைமுறைகளைத் தொடர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் பிறந்தது. அதன் பின்னரும், இந்த நூற்றாண்டிலேயே, இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன.

பஞ்சம் ஓய்ந்த பத்தாம் ஆண்டில், 1888-இல், இதே திருத்தணியில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தையாருக்கு ஜமீன் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம். வசதி குறைந்த குடும்பம். உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த அப்பிள்ளையே 1962-இல் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவருடைய அறிவைப் போற்றும் நாம், அவருக்குத் திறந்த பள்ளிக் கதவையும் நினைக்க வேண்டும். அவர் வயதொத்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அக்கதவு திறக்கவில்லை.

படியோரத்தில் நீட்டிய கையில் காசு இடுவது தருமம், நானும் இடுகிறேன். ஆனால் இட்டுவிட்டு மேலே ஏறும்போது, அந்தக் கைக்குரியவரின் முன்னோர் எந்த ஆண்டில், யாரிடம், எதை அடகு வைத்தனரோ என்று எண்ணிப் பார்க்கிறேன். விதி என்று சொல்ல அதன்பின் எனக்கு நா எழுவதில்லை.