பருத்திக் காட்டுப் பையனும் பந்தாட்டச் சட்டமும்

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பையன் பந்து விளையாடப் போய்விட்டான் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? தறிகெட்டுப் போனான் என்பார்கள். அமெரிக்காவிலும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். சொன்னதோடு நில்லாமல், போகவிடாமல் தடுக்க விதியும் போட்டு வைத்தார்கள். அந்த விதியின் கதையை இன்று பார்ப்போம்.

1925ஆம் ஆண்டில் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெட் கிரேஞ்ச் என்ற இளைஞர் இருந்தார். கோடை விடுமுறையில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து கொடுத்துப் பிழைத்தவர். அமெரிக்கக் காற்பந்தில் அவருக்கு நிகர் இல்லை. (பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம் அது, நம் பிள்ளைகள் திடலில் உதைக்கும் பந்து வேறு.) நவம்பர் மாதம் கல்லூரிக்காகக் கடைசி ஆட்டம் ஆடி முடித்தார். சில நாட்களிலேயே பட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சிக்காகோ பேர்ஸ் என்ற தொழில்முறைக் குழுவில் சேர்ந்து களமிறங்கினார். கல்லூரிகள் கொதித்தெழுந்தன. அடுத்த ஆண்டே, உடன் படித்தவர்கள் பட்டம் பெறும்வரை எந்த மாணவரையும் சேர்ப்பதில்லை என்று தொழில்முறைக் கழகம் உறுதி கூறிவிட்டது. பின்னர் எழுந்த கூடைப்பந்துக் கழகமும் அதே வழியில் சென்றது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டு ஆனால்தான் ஒருவரைச் சேர்த்துக்கொள்வோம் என்றது.

படிப்பின்மேல் உள்ள அக்கறை என்று இதற்குப் பெயர் சூட்டினார்கள். நாம் சற்றுக் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். கல்லூரி ஆட்டக்காரருக்குக் கூலி கிடையாது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கினார்கள். அந்தப் பணம் கல்லூரிக்குப் போயிற்று. தொழில்முறைக் குழுக்களுக்கோ தம் கைக்காசு செலவில்லாமல் பயிற்சி பெற்ற ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள். இரு தரப்புக்கும் ஆதாயம்; நடுவில் நின்ற பையனுக்குக் காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். 1949இல் மிசிசிப்பி மாநிலத்தில் சில்வர் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயார் பருத்தி பறித்துப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் ஹேவுட்டும் தாயோடு பருத்திக் காட்டில் இறங்கி வேலை செய்தான். பிள்ளையின் கை எத்தனை சிறியதாக இருந்தாலும் நிறுவைக்கு வரும்போது அதுவும் கணக்கில் சேரும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பையன் வளர்ந்து, டெட்ராய்ட் நகரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்துக் குழுவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தபோது வயது 19. பிறகு டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளிகள் எடுத்தார். உலகமே புகழ்ந்தது, வீட்டு வறுமை மட்டும் போகவில்லை. 1969இல் கல்லூரியை விட்டு, போட்டிக் கழகம் ஒன்றைச் சேர்ந்த டென்வர் ராக்கெட்ஸ் குழுவில் சேர்ந்தார். குடும்பக் கஷ்டத்தைக் காரணம் காட்டி அந்தக் கழகம் அவருக்கு விலக்குத் தந்தது. முதல் ஆண்டிலேயே அங்கே சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் ஒப்பந்தத்தில் பெரிய தொகையாகத் தெரிந்ததில் பெரும்பங்கு, பல ஆண்டு கழித்தே கைக்கு வரும் பணம் என்று பிறகுதான் தெரிந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று கருதிய அவர், 1970 இறுதியில் பெரிய கழகத்தைச் சேர்ந்த சியாட்டல் குழுவுக்கு மாறினார்.

பெரிய கழகம் நான்காண்டு விதியை நீட்டியது. ஹேவுட் வழக்குத் தொடுத்தார். வழக்கின் சாரம் இதுதான்: ஒரு தோட்டத்தில் வேலை இல்லை என்றால் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். எல்லாத் தோட்ட முதலாளிகளும் ஒன்றுகூடி, இன்னாருக்கு எங்கும் வேலை இல்லை என்று பேசி வைத்துக்கொண்டால் அவன் எங்கே போவான்? 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம் முதலாளிகளின் இத்தகைய கூட்டைத் தடை செய்தது. வழக்கு நடக்கையில் அவர் ஆடலாமா கூடாதா என்பது 1971 மார்ச் 1ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் முன் வந்தது. ஆடாமல் உட்கார்ந்தால் உடலும் திறனும் குன்றும், அந்த இழப்பைப் பின்னர் ஈடுசெய்ய முடியாது என்பதைக் கருதி, அவர் ஆட வழிவிட்டார். அதே மாதம் லாஸ் ஏஞ்சலீஸ் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரண் என்றது. கழகம் சமரசத்துக்கு இறங்கி வந்தது.

ஆனாலும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. வறுமையை மெய்ப்பித்தால் முன்கூட்டியே வரலாம் என்றார்கள். ஏழை என்று சான்று காட்டி வேலை கேட்கும் அந்த நிலை 1976 வரை நீடித்தது. பள்ளியிலிருந்தே நேராகப் போனவர்களும் உண்டு. 1974இல் அப்படிப் போன மோசஸ் மலோன், பின்னாளில் மூன்று முறை கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார். எல்லாருக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. 1998இல் பள்ளியிலிருந்து போன கோர்லியோன் யங் பெரிய கழகத்தில் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். 2005இல் கழகமும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி, 19 வயது நிரம்ப வேண்டும், பள்ளி முடிந்து ஓராண்டு ஆகவேண்டும் என்று முடிவு செய்தன.

ஐசேயா தாமஸ் 1981இல் இந்தியானா பல்கலைக்கழகத்தை இரண்டாம் ஆண்டோடு விட்டுப் போனவர். பட்டம் வாங்குவேன் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆடிக்கொண்டே படித்து 1987இல் முடித்தார். பட்டமளிப்பு நாளில் அவருக்கு ஆட்டம் இருந்தது. அவர் சார்பில் தாயாரே மேடையேறிப் பட்டத்தை வாங்கினார்.

ஹேவுட்டின் பாதை அத்தனை நேராக இல்லை. 1980இல் போதைப் பழக்கத்தால் இறுதிப் போட்டி நடக்கையிலேயே குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதிலிருந்து மீண்டார். 2015இல்தான் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கத் தொடங்கின. அவ்வாண்டு படிப்பு முடியும் முன்பே கூடைப்பந்துக் கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 106 பேர். அதுவரையான பத்தாண்டுகளில் அதுவே குறைந்த எண்ணிக்கை. படிப்பை விடக்கூடாது என்று விதி போட்டும் நில்லாத பிள்ளைகள், கையில் கூலி வந்ததும் கல்லூரியிலேயே தங்கிவிட்டார்கள்.