ஆஸ்கர் பாடல் பட்டியலில் இந்தியா

சேர்வராயன் மலை ஊர்களில் ஆண்டு விழா என்றால் பாட்டுப் போட்டி இருக்கும். வெள்ளக்கடையிலும் அப்படித்தான். மைக் முன்னால் நின்று பாடும் பிள்ளைக்குத்தான் பரிசு; பாட்டை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. உலகமே கவனிக்கும் ஒரு பாட்டுப் பரிசு இதற்கு நேர் எதிரானது. அதில் நம் நாடு கண்ட வெற்றி தோல்விகளை இங்கே பதிவு செய்கிறோம்.

சிறந்த அசல் பாடலுக்கான ஆஸ்கர் விருது, 1934-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டு வருகிறது. விருது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் மட்டுமே, பாடியவருக்கு இல்லை. பாட்டு அந்தப் படத்துக்கென்றே உருவானதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் இந்த விதி கறாராக இல்லை. 1941-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதை, முன்பே வெளிவந்திருந்த ஒரு பாட்டு தட்டிச் சென்றது. அதற்கு இசையமைத்த ஜெரோம் கெர்னுக்கே அது சரியாகப் படவில்லை. அதன்பின் விதி இறுகியது. சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை அனுப்புவதுபோல், இந்தப் பிரிவுக்கு நாடுகள் பாட்டை அனுப்புவதில்லை. படத்தை எடுத்தவர்களே களமிறங்க வேண்டும்.

இந்தியப் பெயர் இந்தப் பட்டியலில் ஏற 2009 வரை ஆனது. அந்த ஆண்டு இறுதிப் பட்டியலுக்கு வந்தவை மூன்றே பாடல்கள். அவற்றில் இரண்டு, 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தவை. 'ஓ சாயா'வில் அவருடன் சேர்ந்தவர், லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. வென்றது குல்சார் எழுதிய 'ஜெய் ஹோ'. அதே இரவில் பின்னணி இசைக்கும் விருது பெற்ற ரஹ்மான், மேடையில் தமிழிலும் இறைவனுக்கு நன்றி சொன்னார். 'ஜெய் ஹோ'வைப் பாடிய சுக்விந்தர் சிங்குக்கு, விதிப்படி, சிலை கிடையாது.

2011-இல் '127 ஹவர்ஸ்' படப் பாடலுக்காக ரஹ்மான் மீண்டும் பரிந்துரைக்கப்பட்டார்; விருது 'டாய் ஸ்டோரி 3' பாடலுக்குப் போனது.

2013-இல் நடந்தது நமக்கு நெருக்கமானது. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் தொடக்கத்தில் வரும் தாலாட்டு, தமிழ்ப் பாட்டு. மைக்கேல் டானா இசையமைக்க, பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடினார். கச்சேரி மேடைகளில் குரலுக்காகக் கொண்டாடப்படும் அவர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றதோ பாடலாசிரியராக! அடேல் பாடிய 'ஸ்கைஃபால்' அந்த ஆண்டு வென்றது.

2023-இல் தெலுங்குப் படமான 'ஆர்ஆர்ஆர்', 'நாட்டு நாட்டு' பாடலுக்காக விருதை வென்றது. எழுதியவர் சந்திரபோஸ், இசை எம்.எம். கீரவாணி. 'அழகன்', 'வானமே எல்லை' படங்களில் மரகதமணி என்ற பெயரில் நமக்கு அறிமுகமானவர் இவர்தான். ராகுல் சிப்லிகஞ்சும் கால பைரவாவும் விழா மேடையிலேயே பாடினார்கள். தமிழ்நாட்டின் இன்னொரு மலைப்பகுதியான முதுமலையில் எடுக்கப்பட்ட 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படமும் அதே இரவில் விருது பெற்றது.

ஆக, 2009 முதல் 2023 வரை ஐந்து பரிந்துரைகள், இரண்டு வெற்றிகள். முதல் நான்கும் வெளிநாட்டார் எடுத்த படங்களுக்கு நம்மவர்கள் தந்தவை. இந்தியப் படத்திலிருந்து சென்றது ஐந்தாவது மட்டுமே. அதற்குப் பாட்டின் வேகம் மட்டும் காரணமில்லை. 'ஆர்ஆர்ஆர்' அமெரிக்கத் திரையரங்குகளில் 2022 ஜூனில் மறுபடியும் திரையிடப்பட்டது. ரசிகர்கள் எழுந்து ஆடினார்கள். படக்குழு மாதக்கணக்கில் அங்கே ஊர் ஊராகப் போய் வந்தது. இந்த வரிசையில் தமிழ்ப் பாட்டு இருக்கிறது, தமிழ் இசையமைப்பாளர் இருக்கிறார். தமிழ்ப் படம் மட்டும் இன்னும் இல்லை. நம் தயாரிப்பாளர்கள் அந்த அலைச்சலுக்கும் துணிந்தால் அந்த இடமும் நிரம்பும்.