மில் கட்டடத்துக்கு மறுவாழ்வு, மில் தொழிலாளிக்கு?

நெய்வேலியின் முதலாம் அனல்மின் நிலையம் 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு உற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்டதாக வளர்ந்த அந்த நிலையம் 2020 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது. மேல்பட்டாம்பாக்கத்திலும் பண்ருட்டியிலும் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஓர் ஆலை ஓய்ந்தபின் அதன் நிலமும் கட்டடமும் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி நம் வாசலில் நிற்கிறது.

உலகின் பல நகரங்களில் இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள்: பழைய ஆலையை இடிக்காதே, அலுவலகமாக்கு. லண்டனில் 1983இல் மூடப்பட்ட பேட்டர்சீ நிலக்கரி மின்நிலையம் 2022இல் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனமும் அங்கே இயங்குகிறது. செங்கல்லும் இரும்பும் வீணாகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் சாதிச் சமூகத்தில் இந்த மாற்றம் எப்படி நடக்கும் என்பதை அறிய நாம் மும்பையைப் பார்க்க வேண்டும்.

மும்பை பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான தலித் தொழிலாளர்கள் உழைத்தார்கள். ஆனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடவில்லை. காரணம், தறியில் நூல் தீர்ந்தால் புது நூலை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் வைத்த நாடாவைத் தொட்டால் தீட்டு என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அதனால் கூலி குறைந்த நூற்புப் பிரிவு போன்றவையே தலித்துகளுக்குக் கிடைத்தன. 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் போராட்டக் கோரிக்கையாக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தினார். ஒரே முதலாளி, ஒரே சங்கு, ஆனாலும் ஆலைக்குள் ஒரு சேரி இருந்தது.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது தோற்றது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1991இல் வந்த விதி, ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு என்றார்கள். மக்களின் பங்கு சுருங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. ஃபீனிக்ஸ் மில் வணிக வளாகமானது. கமலா மில்லில் அலுவலகங்களும் உணவகங்களும் வந்தன. 2017 டிசம்பரில் அங்கே நடந்த தீ விபத்தில் 14 பேர் இறந்தார்கள்.

அந்த அலுவலகங்களில் இன்று யார் வேலை செய்கிறார்கள்? தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளை காவலாளியாகவோ துப்புரவுப் பணியாளராகவோ மட்டுமே உள்ளே நுழைய முடியும் என்றால், பழைய தடை புதிய வடிவில் தொடர்கிறது என்றே பொருள். அன்று தீட்டு என்று சொல்லி நிறுத்தினார்கள். இன்று ‘தகுதி’ என்கிறார்கள்.

எதிர்த்துக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் மும்பையே சாட்சி. அண்ணலின் உடல் எரியூட்டப்பட்ட சைத்யபூமிக்கு அருகில் உள்ள இந்து மில் நிலத்தை அவரது நினைவிடத்துக்குத் தர வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. 2011 டிசம்பர் 6 அன்று போராட்டக்காரர்கள் ஆலைக்குள்ளேயே நுழைந்தார்கள். அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு பன்னிரண்டரை ஏக்கரைத் தர ஒப்புக்கொண்டது. 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நினைவிடம் வேலை தராது என்பது உண்மை. ஆனால் ஆலை நிலத்தின் மீது நமக்கும் உரிமை உண்டு என்பதை அந்தப் போராட்டம் நிலைநாட்டியது.

நெய்வேலிக்கு நிலம் கொடுத்த கிராமங்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரப் பணி கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நாளை எந்த ஆலை எந்தப் பெயரில் கைமாறினாலும், இடஒதுக்கீட்டோடு வேலை, நிலம் இழந்தோருக்குப் பங்கு ஆகிய இரண்டையும் எழுத்தில் தரச் சொல்லி முதல் நாளே கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, அதற்குச் சான்றுகள் வேண்டும். உங்கள் தெருவில் ஆலை வேலைக்குப் போன பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பிரிவில் வேலை, என்ன கூலி, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று எழுதி வையுங்கள். பழைய கூலிச் சீட்டு, அடையாள அட்டை, நிலப் பத்திரம் எது கிடைத்தாலும் படம் எடுத்துப் பாதுகாத்து வையுங்கள்.