குருந்தம்

கதிரவன் கோபித்தால் மாணிக்கம் அணிக! சனி சினந்தால் நீலம் பூணுக! சோதிடர் வகுத்த சட்டம் இது. அவ்விருவரும் தந்தையும் மகனுமாம். ஆயினும் தீராப் பகையாம். ஆகவே அவர்தம் கற்களையும் ஒருங்கே அணியலாகாதாம்! என் மாணவன் ஒருவனின் தந்தை, அரைக் காணி நிலத்தை ஈடு வைத்து நீலக்கல் மோதிரம் வாங்கினார். அந்தக் கல்லின் வரலாற்றைக் கேளுங்கள், தோழர்களே!

மாணிக்கம் எது? நீலம் எது? இரண்டும் ஒன்றே! அலுமினியமும் ஆக்சிஜனும் கூடிய குருந்தம் என்னும் கனிமத்தின் இரு நிறங்களே அவை. ஆங்கிலத்தார் ‘கொரண்டம்’ என்பது, நம் குருந்தம் கடல் கடந்து பெற்ற வடிவம். காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளிலும் அது உண்டு.

நெடுங்காலம் உலகம் நிறத்தையே நம்பியது. சிவந்த கல்லெல்லாம் மாணிக்கம் என்றது. ஏமாந்தவர் ஏழையர் மட்டுமோ? பிரிட்டிஷ் மணிமுடியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று வீற்றிருக்கும் கல் மாணிக்கமே அன்று. ஸ்பைனல் என்னும் வேறு கனிமம்! 1812-இல் பிரடெரிக் மோஸ், எது எதைக் கீறுகிறது என்று பார்த்துக் கடினத்தைப் பத்துப் படிகளாக வகுத்தார். குருந்தத்துக்கு ஒன்பதாம் படி. அதற்கு மேல் வைரம் ஒன்றே. சிவப்பாயினும் நீலமாயினும் படி மாறவில்லை. ஸ்பைனலோ ஒன்பதை எட்டவில்லை.

1902-இல் பிரெஞ்சு வேதியியலார் ஆகுஸ்த் வெர்னூயில், அலுமினாத் தூளில் சிறிது குரோமியம் கலந்து, சுடரில் உருக்கி, சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். ஆனால் கல்லின் உள்ளே இருப்பதென்ன? 1912-இல் லாவே காட்டிய வழியில் படிகத்தினுள் எக்ஸ் கதிர் பாய்ந்தது. ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் ஒழுங்குற விழுந்தன. அவற்றைப் படிக்கும் கணக்கைத் தந்தவர்கள் பிராக் என்னும் தந்தையும் மகனும். இந்தத் தந்தையும் மகனும் பகைக்கவில்லை. 1915-இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்!

1925-இல் பாலிங்கும் ஹென்ட்ரிக்சும் குருந்தத்தின் உள்ளமைப்பை வரைந்து காட்டினர். ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. அலுமினியத்தின் இருக்கைகள் சிலவற்றில் குரோமியம் அமர்ந்தால், பச்சை ஒளியையும் ஊதா ஒளியையும் பெரிதும் விழுங்கிவிடுகிறது, எஞ்சுவது செம்மை. இரும்பும் டைட்டானியமும் அருகருகே அமர்ந்தால் நீலம். கதிரவனுக்கும் சனிக்கும் அங்கே இருக்கை ஏது?

இதை வகுப்பில் சொன்னேன். அம்மாணவன் எழுந்தான். “ஐயா, சுடரில் வளர்த்த கல்லுக்குள் கோள் எந்த வேளையில் புகும்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. மோதிரம் தந்தையின் விரலில் இருக்கிறது. நிலம் இன்னும் மீளவில்லை.