பத்து வெள்ளிக்கு ரசீது இருந்தது

ஒவ்வொரு பொதுத் தேர்தல் வரும்போதும் எங்கள் தாத்தா தவறாமல் ஒன்றைச் சொல்வார். “சம்பந்தன் சொத்த வித்து அரசியல் பண்ணாரு. இப்ப உள்ளவனுங்க அரசியல் பண்ணி சொத்து வாங்குறானுங்க.” தாத்தா கெடாவில் பால்மரம் வெட்டியவர். பாட்டி இதை மறுத்ததில்லை. ஒருமுறை மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அவரு எவ்வளவு வித்தாருன்னு யாரு கணக்குப் பாத்தா? நாம மாசாமாசம் கட்டுன பத்து வெள்ளிக்கு ரசீது இருந்துச்சு” என்றார்.

இருவரும் ஒரே மனிதரைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால், தாத்தாவின் சம்பந்தனும் பாட்டியின் சம்பந்தனும் ஒருவரல்லர் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அப்பா ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய மகனுக்குத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு வசதியாக வாழ எல்லா வழியும் இருந்தது. அவர் ம.இ.கா.வுக்குள் போனார். 1955இல் கட்சித் தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் கிந்தா உத்தாராவில் வென்றார். 1959இலிருந்து 1974வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி–தபால்–தந்தி, தேசிய ஒற்றுமை என்று அமைச்சுகள் மாறிக்கொண்டே இருந்தன.

அவர் கையில் எடுத்தபோது ம.இ.கா. எந்த நிலையில் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1946இல் ஜான் திவி தொடங்கிய கட்சி அது. நகரத்துப் படித்தவர்களின் கட்சி என்ற பெயர்தான் அதற்கு இருந்தது. தோட்டத்து லயங்களில் அதற்கு வேர் இல்லை. 1955 வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் 5 விழுக்காடுகூட இல்லை. மலாய்க்காரர்கள் 84 விழுக்காடு. கூட்டணி வென்ற 51 இடங்களில் ம.இ.கா.வுக்குக் கிடைத்தவை இரண்டு. இப்படிப்பட்ட கட்சிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? தொழிலாளியிடம் காசில்லை. காசுள்ள வணிகர்கள் எல்லோருக்கும் கட்சியில் அக்கறை இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

தலைவர் தன் பணப்பையைத் திறந்தார். குடும்பச் சொத்தைக் கட்சிக்கும் சமூகத்துக்கும் கரைத்தார் என்பது மலேசியத் தமிழர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. சுங்கை சிப்புட்டில் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். தாத்தாவின் வணக்கம் முழுவதும் இந்த சம்பந்தனுக்குத்தான். அதில் தவறில்லை. 1979இல் அவர் இறந்தபோது அழுதவர்களின் கண்ணீரும் பொய்யில்லை.

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

தலைவரே கட்சிக்குச் செலவு செய்தால் தொண்டன் கணக்குக் கேட்கமாட்டான். கேட்பது நன்றிகெட்ட செயலாகிவிடும். சட்டமும் கேட்கவில்லை. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் வேட்பாளரின் தேர்தல் காலச் செலவுக்குத்தான் கணக்குக் கேட்கிறது. 2003இல் திருத்தப்பட்ட பிறகு நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் ரிங்கிட், சட்டமன்றத் தொகுதிக்கு 1 லட்சம் என்பது உச்சவரம்பு. கட்சி செலவழிப்பதற்கு அந்த வரம்பு இல்லை. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் கிளை நடத்த, காருக்கு எண்ணெய் ஊற்ற, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மொய் வைக்க ஆகும் காசு அந்தக் கணக்கில் வராது. அரசியல் பெரும்பாலும் அந்தக் காசில்தான் நடக்கிறது.

கொடுக்கிற தலைவர் இருக்கும்வரை இது குறையாகத் தெரியாது. அவர் போன பிறகும் கொடுக்க வேண்டிய நாற்காலி அங்கேயே இருக்கும். அடுத்து வருபவரிடம் தோட்டம் இல்லையென்றால், அவர் வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும்.

பாட்டி சொன்ன சம்பந்தனைப் பார்க்க 1950களின் தோட்டங்களுக்குப் போக வேண்டும். சுதந்திரம் நெருங்க நெருங்க வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். இதற்குத் துண்டாடல் என்று பெயர். உங்கு அப்துல் அசீஸ் 1951 முதல் 1960வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோட்டம் துண்டானால் வேலை மட்டும் போகாது. வீடு தோட்டத்துடையது. பள்ளிக்கூடமும் கோயிலும் நிற்கும் மண்ணும் தோட்டத்துடையது. எல்லாம் ஒரே நாளில் வேறு யாருடையதோ ஆகிவிடும். “பெரட்டுல கிராணி பேரு கூப்பிடல. அவ்வளவுதான்” என்று பாட்டி அதைச் சொல்லி முடித்துவிடுவார். அவர்கள் குடும்பம் சட்டி பானையோடு அடுத்த தோட்டத்துக்கு நடந்தது.

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. யோசனை எளிமையானது. மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்க்க வேண்டும். அப்படிப் பல ஆயிரம் பேர் சேர்த்தால் விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாக்காமல் முழுதாக வாங்கலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் இதைப் பேசினார். அமைச்சர் லயத்துக்கு வந்து பத்து வெள்ளி கேட்கிறார்! பாட்டிக்கு அது பல நாள் கூலி. தாத்தா உடனே தலையாட்டிவிட்டார். பாட்டிதான் இரண்டு மாதம் யோசித்தார். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிய செய்தி வந்த பிறகு கட்டத் தொடங்கினார். அதன் பிறகும் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இங்கே பணம் ஓடிய திசையைக் கவனியுங்கள். கட்சியில் அது தலைவரிடமிருந்து கீழே வந்தது. சங்கத்தில் கீழிருந்து மேலே போனது. மேலே போன பணத்துக்கு ரசீது இருந்தது, பங்கு இருந்தது, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்க உரிமை இருந்தது. பாட்டி அந்தக் கூட்டத்துக்குப் போனவரில்லை. ஆனால், போகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போது சம்பந்தனின் குறைகளை மூடிவைக்க வேண்டியதில்லை. சங்கம் காப்பாற்றியது துண்டாடப்பட்டவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான். சட்டம் போட்டு நிறுத்தியிருக்க வேண்டிய ஒன்றைத் தொழிலாளியின் கூலியை வைத்து நிறுத்தப் பார்த்தார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு நுழைந்தபோது பல தோட்டங்கள் துண்டாகி முடிந்திருந்தன. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1959 நாடாளுமன்றத்தின் 104 உறுப்பினர்களில் ம.இ.கா.வினர் மூவர், 1969 தேர்தலில் அது இரண்டானது. அந்தக் கணக்கு அவரது தயக்கத்தை விளக்கும். கப்பலேறியவர்களுக்கு அது ஆறுதலாகாது.

2015இல் பிரதமராக இருந்த நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் 2.6 பில்லியன் ரிங்கிட் சேர்ந்த விவகாரம் வெடித்தபோது, அது நன்கொடை என்று விளக்கம் வந்தது. அரசியல் நிதியை ஒழுங்குபடுத்த ஒரு குழு அமைந்தது. 2016இல் 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. அன்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, “சம்பந்தன் மாதிரி ஒருத்தர் வரணும்” என்றார். நம் வீடுகளில் எந்த ஊழல் செய்திக்கும் இதுதான் பதில். இன்னொரு நல்ல பணக்காரருக்காகக் காத்திருக்கிறோம்.

சம்பந்தனையும் நஜிப்பையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஒருவர் கொடுத்தார், மற்றவரிடம் வந்து சேர்ந்தது. ஆனால், அரசியல் பணம் தலைவரின் சொந்தப் பையில் இருப்பது இயல்புதான் என்ற பழக்கம் இரண்டுக்கும் பொது. கொடுத்தவரைக் கும்பிட்ட நாம் அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்கவில்லை.

கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையில் விஸ்மா துன் சம்பந்தன் இருக்கிறது. பிரிக்பீல்ட்சில் அவர் பெயரில் சாலையும் இருக்கிறது. சாலை, பதவியில் இருந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் மரியாதை. அந்தக் கட்டடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த சங்கத்துடையது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சம்பந்தன் இல்லை. இரண்டு மாதம் யோசித்துவிட்டுப் பத்து வெள்ளியை எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாததால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தொகையைப் படித்துக் காட்டச் சொன்ன பாட்டிதான்.